பூஜ்யம் வந்தாலும் கீமோ வேண்டும்

அன்புள்ள கண்மணிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய ரிப்போர்ட்டையும் அந்தப் பரிசோதனைக் கூடத்தின் விளம்பரத் தாளையும் இரண்டு முறை படித்துவிட்டேன். போனில் பேசினால் நீ பாதியில் அழுதுவிடுகிறாய். உன்னைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விடுகிறது, சொல்ல வேண்டியது நின்றுபோகிறது. அதனால்தான் கடிதம். அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

நீ கேட்டது இது: அப்பாவின் ரத்தத்தை எடுத்து அதில் புற்றுச் செல்கள் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிச் சொல்கிறார்களாம். ஒன்றுமில்லை என்று வந்தால் கீமோ இல்லாமலே விட்டுவிடலாமா? விடக் கூடாது. பூஜ்யம் என்று வந்தாலும் அப்பாவுக்குக் கீமோ வேண்டும். காரணம் தெரியாமல் நீ எதையும் ஏற்றுக்கொள்கிற பெண் இல்லை. ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. குடல் சுவரின் தசையைத் தாண்டி வெளிக்கொழுப்பு வரை போயிருக்கிறது. அதோடு சேர்த்து எடுத்த 18 நிணநீர்க் கணுக்களில் இரண்டில் புற்று இருக்கிறது. ஈரல், நுரையீரல் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதைத்தான் டி3 என்1, மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்தால்தான் நிலையை நம்பிச் சொல்ல முடியும். 18 பார்த்திருக்கிறார்கள், அந்த வகையில் அறுவை ஒழுங்காக நடந்திருக்கிறது.

ஸ்லைடுகளை வரவழைத்து நானும் பார்த்தேன். தினமும் யார் யாருடைய ஸ்லைடையோ பார்க்கிறவள்தான் நான். பெயர் இருக்கும் இடத்தில் அண்ணன் பெயர் இருந்ததால் உட்காரவே நேரமாயிற்று. குடல் புற்று நுண்ணோக்கியின் கீழே ஒழுங்கு கெட்ட சுரப்பிகளாகத் தெரியும். ஊதா நிற உட்கருக்கள் நீண்டு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். சுரப்பியின் நடுவில் செத்த செல்களின் குப்பை கிடக்கும். அப்பாவின் கட்டியிலும் அதேதான். ஆனால் கட்டியின் ஓரத்தைத் தாண்டி, கொழுப்புக்குள், மெல்லிய சுவருள்ள ஒரு ரத்த நாளம் இருந்தது. அதற்குள் ஏழெட்டுச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுற்றிலும் சில சிவப்பணுக்கள். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘நாளங்களுக்குள் ஊடுருவல் உண்டு’ என்று ஒற்றை வரி இருக்கிறதே, அது இந்தக் காட்சிதான். குடலை வெட்டியெடுத்து ஃபார்மலினில் போட்டதால் இந்தச் செல்கள் அங்கேயே நின்றுவிட்டன. அதற்கு முந்தைய மாதங்களில் இதே வழியாகப் போனவை உண்டு. கீமோ கொடுக்கச் சொல்வது அவற்றுக்காகத்தான்.

இப்படிச் செல்கள் ரத்தத்தில் ஓடுவதை முதலில் கண்டு எழுதியவர் மெல்போர்னில் இருந்த தாமஸ் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர். 1869இல், உடலெங்கும் கட்டிகளோடு இறந்துபோன ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கட்டிக்குள் இருந்த அதே மாதிரிச் செல்கள் ரத்தத்திலும் இருந்தன. ஒரே உடலில் பல இடங்களில் கட்டி வருவதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். இருபது வருடம் கழித்து, 1889இல், லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தானே போகிறது, புற்று மட்டும் ஏன் சில உறுப்புகளில் அதிகமாக வருகிறது என்பது அவர் கேள்வி. செடி விதையை எல்லாத் திசையிலும் உதிர்க்கிறது, ஏற்ற மண்ணில் விழுந்ததுதான் முளைக்கிறது என்பது அவர் கண்ட பதில். ரத்தத்தில் ஓடும் செல்களில் ஆகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. ரத்த ஓட்டத்தின் அழுத்தமும் நம் எதிர்ப்பணுக்களும் அவற்றை விட்டுவைப்பதில்லை. மார்பகப் புற்று நோயாளிகளிடம் அளந்து பார்த்ததில், ஓரிரண்டு மணி நேரத்தில் பாதி காணாமல் போய்விடுகின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த விளம்பரத் தாளுக்கு வா.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் எண்ணும் கருவி செல்சர்ச். 2004இல் மார்பகப் புற்றுக்கும், 2007இல் பெருங்குடல் புற்றுக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டுமே நோய் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டவர்களுக்கு மட்டும். அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். 7.5 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் ஐந்நூறு கோடி சிவப்பணுக்கள், அவற்றோடு பல லட்சம் வெள்ளையணுக்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு புற்றுச் செல்களைத் தேட வேண்டும். குடலின் உள்தோல் செல்கள் மேல் எப்காம் என்ற புரதம் இருக்கும், ரத்தச் செல்கள் மேல் இருக்காது. எப்காமைப் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய இரும்புத் துகள்களை ரத்தத்தில் கலந்து, காந்தத்தால் இழுக்கிறார்கள். இழுபட்டு வந்தவற்றுக்கு ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்கள். உட்கரு இருக்க வேண்டும், கெரட்டின் என்ற புரதம் இருக்க வேண்டும், வெள்ளையணுவின் அடையாளமான சி.டி.45 இருக்கக் கூடாது. கருவி படங்களை வரிசையாகத் திரையில் காட்டும். இது செல், இது தூசு என்று தேர்வு செய்வது கடைசியில் ஒரு மனிதர்தான்.

இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. 2008இல் வெளியான பெரிய ஆய்வில், பெருங்குடல் புற்று பரவிவிட்ட 430 பேரைப் பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே 7.5 மில்லியில் மூன்று செல்லோ அதற்கு மேலோ இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 9.4 மாதம். மூன்றுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 18.5 மாதம். கீமோ தொடங்கிச் சில வாரங்களில் எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே இறங்கியவர்களும், இறங்காதவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். ரத்தத்தில் ஓடும் செல்லுக்கும் கீமோ பலிப்பதற்கும் உறவு இருக்கிறது என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது. உன் கையில் இருக்கும் தாளில் போட்டிருக்கும் வரைபடமும் இந்த மாதிரி ஆய்விலிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்த 430 பேரில் அப்பா மாதிரி ஒருவர்கூட இல்லை. அவர்கள் எல்லோருக்கும் நோய் பரவியிருந்தது. அப்பாவுக்குக் கட்டியை எடுத்தாயிற்று, ஸ்கேனில் மிச்சம் எதுவும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கருவியில் ஒன்றுமே தென்படுவதில்லை. பிறகு அவர்களில் சிலருக்கு நோய் திரும்பவும் வருகிறது. பூஜ்யத்தை நம்ப முடியாததற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஏன் அப்படி என்று நீயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலில் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். எடுத்தது 7.5 மில்லி, அதாவது ஏறக்குறைய 670இல் ஒரு பங்கு. உடல் முழுவதும் 670 புற்றுச் செல்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள். சராசரியாகக் குழாய்க்கு ஒன்று வர வேண்டும். ஆனால் சீராகப் பங்கு போட்டு வராது. நூறு முறை எடுத்தால் 37 முறை குழாயில் ஒன்றுமே இருக்காது. கல்லூரியில் பாய்சான் பரவல் படித்திருப்பாயே, அதேதான். 670 செல்கள் உடலில் இருக்கும்போதே, மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ‘இல்லை’ என்று பதில் வருகிறது.

அதோடு, ரத்தத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று யோசி. முழங்கை மடிப்பில். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே அங்கே வருவதில்லை. முதலில் ஈரலுக்குள் போகிறது, அங்கே மிகக் குறுகிய நாளங்கள் வழியாக வடிகிறது. பிறகு இதயம், பிறகு நுரையீரலின் இன்னொரு வலை, மறுபடி இதயம், அதற்கப்புறம்தான் கை. அறுவையின்போது குடலின் சிரையிலேயே எடுத்துப் பார்த்தவர்கள் கையில் இருப்பதைவிட அதிகமாகச் செல்களைக் கண்டிருக்கிறார்கள். பெருங்குடல் புற்று முதலில் ஈரலுக்குப் போவதும் இந்த வழியால்தான். ஈரலில் தங்கிவிட்டது கைக்கு வராது. எது அபாயமோ அது எண்ணிக்கையில் சேராது.

இன்னொன்றும் உண்டு. இடம்பெயரக் கிளம்பும் செல்கள் சில தங்கள் உள்தோல் குணத்தை விட்டுவிடுகின்றன, எப்காமும் குறைந்துவிடுகிறது. காந்தத்துக்கு அவை அகப்படுவதில்லை. இதைச் சரிசெய்ய, அளவைப் பார்த்து வடிகட்டும் முறை, எப்காம் இல்லாமல் பிடிக்கும் முறை என்று பல வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான செல்லைப் பிடிக்கிறது. அதனால் ஒரு கூடத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. மறுபக்கம், குடல் அழற்சி மாதிரிப் புற்றே இல்லாத நோய் உள்ளவர்களின் ரத்தத்திலும் இந்தத் தோற்றத்தில் செல்கள் கிடைத்திருக்கின்றன. நாளைக்கு அப்பாவுக்கு ‘இரண்டு’ என்று வந்தால் என்ன செய்வாய்? வீடே இடிந்துபோகும். டாக்டர் கொடுக்கப்போவது அதே கீமோவைத்தான்.

ஒரு பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பதில் இப்படி வந்தால் என்ன செய்வோம், அப்படி வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே வழி என்றால் அந்தப் பணத்தை வீட்டில் வை. அப்பா வேலைக்குப் போகாத மாதங்கள் வருகின்றன, அரிசி பருப்புக்கு ஆகும்.

தெரிந்துகொள்வது வேறு, அதனால் பிழைப்பது வேறு என்பதை அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பரவிய மார்பகப் புற்றுள்ள பெண்களுக்கு முதல் சுற்றுக் கீமோ முடிந்ததும் மறுபடி எண்ணினார்கள். செல்கள் குறையாதவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மருந்தை மாற்றினார்கள், மறு பாதிக்கு அதே மருந்து தொடர்ந்தது. 2014இல் முடிவு வந்தது. குறையாதவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தது உண்மை. ஆனால் மருந்தைச் சீக்கிரம் மாற்றியதால் ஆயுள் கூடவில்லை. எண் சரியாகத்தான் சொன்னது, மாற்றிக் கொடுத்த மருந்துக்கு அதைவிட அதிகம் செய்யச் சக்தி இல்லை.

பெருங்குடல் புற்றில் இந்த எண்ணை வைத்துக் கீமோவைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஸ்பெயின் மருத்துவர்கள். நோய் பரவி, மூன்று செல்லோ அதற்கு மேலோ இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான இரண்டு மருந்துக் கீமோ, இன்னொரு சாராருக்கு மூன்று மருந்துகள், இரு சாராருக்கும் கூடவே பெவசிசுமாப் என்ற மருந்து. நோய் கட்டுக்குள் இருந்த காலம் 9.3 மாதத்திலிருந்து 12.4 மாதமானது. பக்கவிளைவும் கூடியது, மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் நிற்கவில்லை. அபாயம் அதிகமுள்ளவரை அடையாளம் கண்டு கடுமையான மருந்தைக் கொடுப்பது நியாயமான யோசனை. இந்த வேலை தொடர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் அதுவும் அப்பாவின் நிலையில் இருப்பவர்களைப் பற்றியது இல்லை. எண்ணைக் காரணம் காட்டிக் கீமோவை நிறுத்துவது பற்றியும் இல்லை.

சரி, கீமோ அப்பாவுக்கு என்ன செய்யும்? ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செல்களைத் துரத்துவது அதன் முக்கிய வேலை இல்லை. ஓடுபவை பெரும்பாலும் தானே சாகும். ஈரலிலோ நுரையீரலிலோ விழுந்து, பிழைத்து, பெருக ஆரம்பித்த சில நூறு, சில ஆயிரம் செல்கள் உண்டு. ஸ்கேனில் தெரிய வேண்டுமானால் கோடிக்கணக்கில் சேர வேண்டும். அதற்கு முன்பே அவற்றை அழிப்பதுதான் அறுவைக்குப் பிந்தைய கீமோ.

அப்பாவின் மருந்துக்கும் ஒரு கதை உண்டு. விஸ்கான்சினில் சார்லஸ் ஹைடல்பெர்கர் என்ற வேதியியலாளர், எலியின் ஈரல் கட்டிகள் யுராசில் என்ற பொருளை வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சுகின்றன என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டார். யுராசிலில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தார். புற்றுச் செல் அதை உணவென்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் டி.என்.ஏ. செய்யத் தேவையான நொதியை அது அடைத்துவிடுகிறது. 1957இல் வந்த அந்த ஃபுளோரோயுராசில்தான் இன்றைக்கும் குடல் புற்றின் அடிப்படை மருந்து. அப்பாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் கேப்பசிட்டபின் மாத்திரை உடம்புக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஜப்பானின் நகோயாவில் கிடானி என்பவர் உருவாக்கியது. அதன் பிளாட்டினம் டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்துவிடுகிறது, செல்லால் பிரிய முடியாது.

1990இல் சார்லஸ் மோர்ட்டலின் குழு, மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் ஃபுளோரோயுராசிலும் லெவமிசோலும் கொடுத்ததில் இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைந்தது என்று காட்டியது. அதற்கு முன் அறுவையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். 2004இல் ஆக்ஸாலிபிளாட்டினைச் சேர்த்தபோது, மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்த மூன்றாம் நிலைக்காரர்கள் 65.3 சதவீதத்திலிருந்து 72.2 சதவீதமானார்கள். இந்த எண்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். பூஜ்யம் வந்தால் கீமோ வேண்டாம் என்பதற்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை.

உன்னிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நிலையில் ஏறக்குறையப் பாதிப் பேர் அறுவையோடே குணமாகிவிடுகிறவர்கள். அவர்களுக்குக் கீமோ தேவையில்லாத துன்பம்தான். இன்னும் சிலருக்குக் கீமோ கொடுத்தும் நோய் திரும்புகிறது. நடுவில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் எல்லோருக்கும் கொடுக்கிறோம். யார் எந்தப் பிரிவு என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது! நீ அந்தத் தாளைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டது அந்த ஆசையால்தான், அது தவறான ஆசை இல்லை. முழுச் செல்லை எண்ணுவதைவிட, செத்த புற்றுச் செல்கள் ரத்தத்தில் விடும் டி.என்.ஏ. துணுக்கைத் தேடுவது இதில் முன்னே போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். துணுக்கு தென்பட்டவர்களுக்கு மட்டும் கீமோ என்று வைத்தபோது, கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானார்கள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 93.5 சதவீதம், வழக்கமான முறையில் 92.4 சதவீதம். 2022இல் இது வெளிவந்தபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது இரண்டாம் நிலை, கணுக்களில் புற்று இல்லாதவர்கள். அப்பாவுக்கு இரண்டு கணுக்களில் இருக்கிறது. மூன்றாம் நிலையில் ரத்தத்தைப் பார்த்துக் கீமோவை விட்டுவிடலாம் என்று எந்த வழிகாட்டு நெறியும் சொல்லவில்லை.

ஊரில் பெரியவர்கள் சொல்வதையும் எழுதியிருந்தாய். கத்தி பட்டால் பரவும், கீமோ கொடுத்தால் இன்னும் பரவும். அவர்களிடம் சண்டை போடாதே. கட்டியைத் தொட்டுப் புரட்டும்போது செல்கள் ரத்தத்தில் கலக்கின்றன என்பது உண்மைதான். கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், கட்டியைத் தொடும் முன்பே ரத்த நாளங்களைக் கட்டிவிடும் முறையை 1960களில் பரப்பியதும் இந்தப் பயத்தால்தான். ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து அந்த முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தன. நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. உதிர்ந்ததெல்லாம் முளைக்காது. கீமோ பரப்பும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 2017இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு மார்பகப் புற்று ஆய்வு. அறுவைக்கு முன் கொடுக்கும் கீமோ, கட்டி உடலில் இருக்கும்போதே, செல்கள் ரத்தத்துக்குள் நுழையும் வாசல்களைக் கூட்டலாம் என்று எலிகளிலும் சில நோயாளிகளிலும் கண்டார்கள். அப்பாவின் கட்டி இப்போது உடலில் இல்லை. ஆயிரக்கணக்கான குடல் புற்று நோயாளிகளிடம் அறுவைக்குப் பின் கீமோ ஆயுளைக் கூட்டியிருக்கிறது, குறைக்கவில்லை.

இப்போது நீ டாக்டரிடம் உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதமா, ஆறு மாதமா?

பல வருடங்களாக எல்லோருக்கும் ஆறு மாதம்தான். ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பு நுனிகளைக் கெடுக்கும். விரல்கள் மரத்துப்போகும். சிலருக்கு அது வருடக்கணக்கில் போகாது. ஆறு ஆய்வுகளைச் சேர்த்து, 12,834 நோயாளிகளின் விவரத்தோடு 2018இல் ஐடியா என்ற ஆய்வு வந்தது. அப்பா மாதிரி டி3 என்1 உள்ளவர்களுக்கு, கேப்பசிட்டபினும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த கேப்பாக்ஸ் முறையில் மூன்று மாதமே ஆறு மாதத்துக்கு நிகர் என்று அது காட்டியது. தொந்தரவு தரும் அளவுக்கு மரத்துப்போனவர்கள், ஆறு மாதத்தில் 44.9 சதவீதம், மூன்று மாதத்தில் 14.2 சதவீதம்.

அப்பா தையல்காரர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு மிஷினில் உட்கார்ந்த அந்த விரல்கள்தான் என்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வைத்தன. ஊசியில் நூல் கோர்க்க முடியாத அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் டாக்டரிடம் அவர் தொழிலைச் சொல். ரிப்போர்ட்டைக் காட்டி, மூன்று மாத கேப்பாக்ஸ் போதுமா என்று நேரடியாகக் கேள். பாதிச் சுமையைக் குறைக்கும் வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது, யாருக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேப்பாக்ஸ் என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், அன்றிலிருந்து 14 நாள் காலையும் மாலையும் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு. மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் போட வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். டிரிப்ஸ் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் விரலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும், குளிர்ந்த மோரைக் குடித்தால் தொண்டை அடைக்கிற மாதிரி பயமுறுத்தும். வெதுவெதுப்பான கஞ்சி, ரசம், இட்லி போதும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்தால் அன்றே சொல்ல வேண்டும், தாங்கிக்கொள்ளக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, வெள்ளையணு குறைந்திருக்கலாம். பேதி நிற்கவில்லை என்றாலும் அப்படியே, அந்த வேளை மாத்திரையைப் போடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு சிலருக்கு ஃபுளோரோயுராசிலை உடைக்கும் டி.பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகிவிடும். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2020இலேயே தொடங்கும் முன் பார்த்துவிடச் சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்கென்று பணம் ஒதுக்கினாய் அல்லவா, அதை இதற்குச் செலவழிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேள். இதன் பதில் மருந்தின் அளவை மாற்றும். உறவினர் கொடுக்கும் லேகியம், சூரணம், வைட்டமின் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். ஃபோலிக் அமில மாத்திரைகூட இந்த மருந்தின் நச்சைக் கூட்டும்.

அப்பாவின் மனம் பற்றி எழுதியிருந்தாய், யாரோடும் பேசுவதில்லை என்று. வயிற்றில் தழும்போடு கடைக்குப் போக வெட்கப்படுகிறார் போல. பக்கத்தில் உட்கார். மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் தரச் சொல், தம்பியின் பேண்ட்டைப் பிரித்துத் தரச் சொல். அவருக்கு வேலையில்தான் நிம்மதி. கீமோ நாட்களிலும் முடிந்தபோது தைக்கட்டும். பட்டன் போடும்போது விரல் தடுமாறுகிறதா என்று தினமும் கவனி. நரம்பு கெட ஆரம்பிப்பதை அது முதலில் காட்டிக்கொடுக்கும். அவராகச் சொல்ல மாட்டார், நீதான் சொல்ல வேண்டும்.

பின்தொடர்தலுக்கு சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. 1965இல் மாண்ட்ரியலில் கண்டுபிடித்தது, விலை அதிகமில்லை. முதல் சில வருடங்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் சி.டி. ஸ்கேனையும், ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபியையும் விடாமல் செய்ய வேண்டும். இவற்றால் நோய் சீக்கிரம் தெரிந்தால் ஈரலில் ஒன்றிரண்டாக வந்த கட்டியை வெட்டியெடுத்துக்கூடக் குணப்படுத்த முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதல்லவா, கீமோ அதில் வரும். அட்டையை எடுத்துக்கொண்டு போ.

கட்டியின் பிளாக்கில் எம்.எல்.ஹெச்.1 உள்ளிட்ட நான்கு புரதங்களைப் பார்க்கும்படி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடும்பத்தில் பரம்பரையாக வரும் வகையா என்பது அதில் தெரியும். எந்தப் பதில் வந்தாலும், அப்பாவின் தங்கை என்ற முறையில் நான் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளப் போகிறேன். உனக்கும் தம்பிக்கும் 40 வயதில் தொடங்க வேண்டும். பரம்பரை வகை என்று வந்தால் அதற்கு வெகு முன்பே.

அறுவை முடிந்து எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளத் தள்ளப் பலன் குறைகிறது. இப்போதே நான்காவது வாரம் நடக்கிறது. இந்தத் திங்கட்கிழமை ஓ.பி.க்குப் போய், மூன்று மாதமா என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அத்தை